வலைப்பக்கம் அமைக்கக் கற்பிக்கும் முறை

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது ஆனேக்கல் வட்டம். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி முதலிய தொழிற்பேட்டைகள் இவ்வட்டத்தைச் சேர்ந்தவை. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ஆம் ஆண்டில் நிறுவிய எலக்ட்ரானிக்ஸ் நகரம் இதன் வடவெல்லையை ஒட்டி அமைந்துள்ளது. பட்டு நெசவுக்கும் கேழ்வரகுச் சாகுபடிக்கும் பெயர்பெற்ற இந்தச் சுற்றுப்புறத்தில், கணினித் தொழில் என்பது பிள்ளைகள் நாள்தோறும் பஸ்ஸின் சன்னல் வழியே காணும் ஒன்று. ஆகவே, "வலைப்பக்கம் அமைக்கக் கற்றுக் கொடுங்கள்" என்று மாணவர் ஆசிரியரை அணுகுவது இங்கு இயல்பே. அப்போது ஆசிரியர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, மாணவன் கையில் எதைக் கொடுப்பது என்பதாகும்.

இரண்டு வழிகள் உள. ஒன்று, காட்சிவழி வடிவமைப்பு மென்பொருள். திரையில் ஒரு வெற்றுத்தாள் தோன்றும். அதில் எழுத்தையும் படத்தையும் சுட்டியால் இழுத்து வேண்டிய இடத்தில் வைத்தால், அதற்கான குறிமொழியை மென்பொருளே எழுதிக்கொள்ளும். மற்றொன்று, எச்.டி.எம்.எல். என்னும் அக்குறிமொழியை நாமே எழுதுவது. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது வேறொரு பக்கத்துக்கு இணைப்பு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் முன்னும் பின்னும் குறியிட்டு, அதை ஒரு கோப்பாகச் சேமித்து, உலாவியில் திறந்து பார்ப்பதே இம்முறை. இதற்கு விண்டோஸ் கணினியில் உள்ள நோட்பேடு போன்ற எளிய எழுதுகருவி போதும். இணையத் தொடர்புகூடத் தேவையில்லை.

முதல் வழிக்குச் சார்பாகச் சொல்லத்தக்கவை பல. அவற்றுள் வலிமை மிக்கது வரலாற்றிலேயே இருக்கிறது. 1990-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஸெர்ன் ஆய்வுக்கூடத்தில் நெக்ஸ்ட் கணினியொன்றில் முதல் உலாவியை அமைத்தபோது, அது படிக்கும் கருவியாக மட்டுமின்றி எழுதும் கருவியாகவும் இருந்தது. குறிகளைப் பொதுமக்கள் கையால் எழுத நேரும் என்று அவர் எண்ணவில்லை. பின்னர் வந்த உலாவிகள், குறிப்பாக 1993-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய மொசேக், படிக்கும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதும் வசதியை விட்டுவிட்டன. கையால் குறியெழுதும் வழக்கம் அந்தக் குறைபாட்டினால் வேரூன்றியதேயன்றி, யாரும் திட்டமிட்டு வகுத்த கல்விமுறை அன்று. ஆகவே, "கையால் எழுதுபவனே உண்மையான தொழில்வல்லவன்" என்று பேசுவோரின் பெருமிதத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை.

எனினும், தொடக்க மாணவன் முதற் சில வாரங்களேனும் கையாலேயே எழுதவேண்டும் என்பது என் கருத்து. இக்கருத்துக்குக் காரணம் தொழில்வன்மையன்று; அது மொழியைச் சார்ந்தது.

காட்சிவழி மென்பொருள், பக்கம் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பதைக் காட்டுகிறது. அப்பக்கம் என்ன சொல்கிறது என்பதை அது காட்டுவதில்லை. தலைப்பு வேண்டும் என்றால், மாணவன் ஒரு வரியைத் தேர்ந்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்பாக்குகிறான். பார்ப்பவருக்கு அது தலைப்பு. உள்ளே இருக்கும் குறிமொழியிலோ, அது பெரிய எழுத்தில் உள்ள சாதாரண வரி. பார்வையற்ற ஒருவர், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளைக் கொண்டு அப்பக்கத்தை அணுகினால், இந்த வேறுபாடு உடனே விளங்கும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி இன்று இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பானில், 'எச்' என்னும் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். நீண்ட பக்கத்தில் தமக்கு வேண்டிய பகுதியை அவர்கள் தேடுவது பெரும்பாலும் இவ்வாறே. தலைப்புக்குறி இல்லாத பக்கத்திலோ தாவுவதற்கு இடமில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேட்டே தீரவேண்டும். கையால் எழுதும் மாணவன் எச்-1 என்னும் குறியை இட்டால்தான் எழுத்துப் பெரிதாகும் என்பதை முதல் நாளே கற்கிறான். பொருளை முதலில் குறித்துவிட்டு, தோற்றத்தைப் பிறகு கவனிக்கிறான்.

தோற்றத்தை மட்டும் நம்பியதால் தமிழ் அடைந்த நட்டம் பெரிது. யூனிகோடு என்னும் அனைத்துலக எழுத்துக் குறியீட்டில், 1991-இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் பொதுமக்களின் கணினிகள் அதனைக் கையாளத் தொடங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. விண்டோஸில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான், லதா என்னும் எழுத்துருவுடன் அவ்வசதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் தமிழ்ப் பக்கங்கள் ஓர் உபாயத்தினால் நடைபெற்றன. ஆங்கில எழுத்துக்களின் உருவத்தை மாற்றித் தமிழ் உருவங்களை வரைந்த எழுத்துருக்களைச் செய்துகொண்டார்கள். எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் திரையில் 'அ' என்று தோன்றுவது, கோப்பினுள் ஆங்கில 'எம்' என்னும் எழுத்தே. டிஸ்கி, டாம், டாப் என்று பல குறியீடுகள் வழங்கின. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் ஆகிய இரண்டையும் தரமாக ஏற்றது. செய்தித்தாள்களோ ஒவ்வொன்றும் தத்தம் எழுத்துருவைக் கொண்டிருந்தன.

பிரண்ட்பேஜ் போன்ற மென்பொருளில் எழுத்துருப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்து தட்டச்சு செய்தவருக்குத் திரையில் அழகிய தமிழே தோன்றியது. அவர் தமிழில் எழுதியதாகவே நம்பினார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே பக்கத்தைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் கிடைத்தது. தேடுபொறிகளுக்கும் அது தமிழாகப் படவில்லை. கையால் குறியெழுதியவர்களும் அந்நாளில் இதே எழுத்துருக்களைத்தான் கையாண்டார்கள் என்பது உண்மை. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கோப்பின் உண்மை வடிவம் அவர்கள் கண்முன் எப்போதும் இருந்தது. எந்தக் குறியீட்டில் எழுதுகிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். யூனிகோடு வந்தபோது, எழுத்து மாற்றிகளைக் கொண்டு தம் பக்கங்களைப் புதுப்பிக்க அவர்களால் இயன்றது. தோற்றத்தை மட்டும் அறிந்திருந்தவருக்கு எதை மாற்றவேண்டும் என்பதே தெரியவில்லை. கன்னடத்திலும் நுடி முதலிய எழுத்துருக்களால் இதே தொல்லை நேர்ந்தது; ஆனேக்கல் ஆசிரியர்கள் இரு மொழிகளிலும் இதன் சுவடுகளைக் கண்டிருப்பார்கள்.

ஆனேக்கலுக்கே உரிய மற்றொரு செய்தியையும் இங்குக் குறிப்பிடவேண்டும். இவ்வட்டத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்றும் தெருவில் கேட்கும். ஆங்கிலம் பலகைகளில் காணும். தடுப்பூசி முகாமைப் பற்றியோ, பட்டுப்புழு நோயைப் பற்றியோ களப்பணியாளர் ஒருவர் அறிவிப்பு வெளியிட்டால், ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று மொழிகள் இடம்பெறுவது இயல்பு. எச்.டி.எம்.எல். குறிமொழியில், எந்தப் பகுதி எந்த மொழியில் உள்ளது என்பதைக் குறிப்பதற்கு 'லாங்' என்னும் பண்பு உண்டு. தமிழுக்கு 'டி-ஏ', கன்னடத்துக்கு 'கே-என்', தெலுங்குக்கு 'டி-இ' என்று ஈரெழுத்துக் குறிகள் வகுக்கப்பட்டுள்ளன. இக்குறி இருப்பின், திரைபடிப்பான் கன்னடப் பகுதியைக் கன்னடக் குரலிலும், தமிழ்ப் பகுதியைத் தமிழ்க் குரலிலும் படிக்க முடியும். இல்லையெனில், ஆங்கிலக் குரலிலேயே இரண்டையும் உச்சரிக்க முற்பட்டு, கேட்பவரைக் குழப்பிவிடும். காட்சிவழி மென்பொருளில் இந்தக் குறிக்கு உரிய பொத்தான் பெரும்பாலும் கண்ணில் படும் இடத்தில் இருப்பதில்லை. இக்குறியினால் பக்கத்தின் தோற்றம் பெரும்பாலும் மாறுவதுமில்லை. மாறாத ஒன்றைக் காட்சிக் கருவி கற்பிப்பது எங்ஙனம்?

மென்பொருள்களின் ஆயுள் குறுகியது என்பதையும் கருதவேண்டும். பிரண்ட்பேஜை 1996-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2003-ஆம் ஆண்டுப் பதிப்புடன் அது முடிவுற்றது. அம்மென்பொருள் அமைத்த வருகை எண்ணி, படிவம் முதலியவை இயங்குவதற்குச் சேவைக் கணினியில் ஒரு தனித் துணைக்கருவி தேவைப்பட்டது. அது கைவிடப்பட்டதும் அவையும் நின்றன. ஆப்பிளின் ஐவெப், அடோபியின் மியூஸ் ஆகியவையும் சில ஆண்டுகள் விளங்கி மறைந்தன. அவற்றில் தேர்ச்சி பெற்றவர், அவற்றோடு தம் தேர்ச்சியின் பெரும்பகுதியையும் இழந்தார். தொண்ணூறுகளில் எழுதப்பட்ட எளிய எச்.டி.எம்.எல். பக்கத்தையோ இன்றைய உலாவியும் தடையின்றிக் காட்டுகிறது.

இனி, எதிர்வாதங்கள். பள்ளியில் கணினிகள் குறைவு, பாடவேளைகளும் குறைவு, முதல் நாளே பலன் கண்டால்தான் மாணவனுக்கு ஊக்கம் பிறக்கும் என்று ஆசிரியர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. ஆயினும், ஒரு தலைப்பும் இரண்டு பத்திகளும் கொண்ட பக்கத்தைக் கையால் எழுதி உலாவியில் காண ஒரு பாடவேளை போதுமானது. தன் பெயர் திரையில் தோன்றுவதைக் காணும் மகிழ்ச்சி அதிலும் குறைவதில்லை. கணினி கிடைக்காத வகுப்பில் குறிகளைத் தாளில் எழுதிப் பழகுவதும் பயன் தரும். களப்பணியாளரின் நிலை வேறு. அவர்கள் கையில் இருப்பது கைப்பேசி. அதில் குறியெழுதுவது சிரமமே. ஆகையால் அவர்கள் சுவரொட்டி வரையும் செயலியொன்றில் அறிவிப்பைத் தயாரித்து, படமாக அனுப்பிவிடுகிறார்கள். அவ்வாறு செய்வதில் உள்ள விரயத்தை எண்களால் காண்பது நலம். யூனிகோடுத் தமிழ் எழுத்துக்குறி ஒன்று, வழக்கிலுள்ள யூ.டி.எப்-8 முறையில் 3 பைட்டுகள் கொள்ளும். 1,000 குறிகள் கொண்ட அறிவிப்பு 3,000 பைட்டுகளில் அடங்கும். அதே அறிவிப்பு படமானால், பல இலட்சம் பைட்டுகளாவது சாதாரணம். அதைத் தேடவும் முடியாது; பிழையொன்று நேர்ந்தால் திருத்தவும் முடியாது; மாற்று உரை எழுதாவிடில், பார்வையற்றவருக்கு அது வெறும் 'படம்' என்ற சொல்லாகவே கேட்கும். முகாம் நடக்கும் தேதி அந்தப் படத்தினுள் இருக்குமானால், அவர் முகாமுக்கு வரப்போவதில்லை.

இப்போது, சொன்னால் போதும், குறிமொழியைக் கணினியே எழுதித் தரும் என்ற நிலையும் வந்துவிட்டது. இதனால் கையெழுத்துப் பயிற்சி வேண்டாததாயிற்று என்று சிலர் கருதுகின்றனர். எழுதும் உழைப்பு குறைந்தது மெய். படித்துப் பார்க்கும் பொறுப்பு கூடியிருக்கிறது. இயந்திரம் தந்த பக்கத்தில் மொழிக்குறி உண்டா, தலைப்புகள் தலைப்புகளாகவே உள்ளனவா, படங்களுக்கு மாற்று உரை உண்டா என்று பார்ப்பவருக்குக் குறிமொழி படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். எழுதிப் பழகாதவர் படிக்கப் பழகுவது அரிது.

கருவியை முற்றிலும் விலக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. பல பக்கங்கள் கொண்ட பள்ளித் தளத்தைக் கையால் எழுதிப் பேணுவது வீண் உழைப்பு. அங்கே வேர்ட்பிரஸ் போன்றவை தக்க துணை. டிரீம்வீவர் முதலிய சில மென்பொருள்கள் தோற்றத்தையும் குறிமொழியையும் ஒரே திரையில் அருகருகே காட்டுகின்றன. கையால் எழுதக் கற்ற மாணவனுக்கு இவற்றைக் கொடுத்தால், இடப்பக்கம் தான் இழுத்து வைத்தது வலப்பக்கம் என்னவாயிற்று என்று அவன் பார்ப்பான். கல்லாதவன் அந்த வலப்பக்கத்தை மூடிவிடுவான்.

ஆசிரியர்கள் சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு பயிற்சியைக் கூறுகிறேன். மாணவர்கள் தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலை நேரத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் கொண்ட ஒரு பக்கம் எழுதட்டும். கோப்பின் தலைப்பகுதியில் யூ.டி.எப்-8 என்ற அறிவிப்பும், ஒவ்வொரு மொழிப் பகுதிக்கும் உரிய மொழிக்குறியும், இரண்டு தலைப்புகளும், வேலை நேரத்துக்கு ஓர் அட்டவணையும் இருந்தால் போதும். வண்ணம் எதுவும் வேண்டாம். பிறகு ஒரு மாணவன் திரைக்கு முதுகு காட்டி அமரட்டும், மற்றொருவன் என்.வி.டி.ஏ. கொண்டு பக்கத்தைப் படிக்கவிடட்டும். மொழிக்கேற்பக் குரல் மாறும் வசதி இயக்கப்பட்டிருக்கவேண்டும். முதலாமவன், மருத்துவர் செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வருவார் என்பதை இரு மொழிகளிலும் கேட்டு எழுதவேண்டும். அடுத்த வாரம், அதே பக்கத்தை மென்பொருள் ஒன்றில் இழுத்து அமைத்து, அதே சோதனையை மறுபடியும் நடத்தி, இரண்டு கோப்புகளின் அளவையும் கரும்பலகையில் எழுதிவைக்கலாம்.