மாறிய பொருளும் மாறாத வாளும்

பேராதனையைக் கடந்து பிலிமத்தலாவைப் பக்கம் செல்வோரின் கண்ணில் பித்தளை விளக்குக் கடைகள் படாமற் போவதில்லை. மரத்தூண்களின் சிற்பத்துக்குப் பிரசித்தி பெற்ற எம்பெக்க தேவாலயமும் அங்கிருந்து தூரமில்லை. மரத்திலும் உலோகத்திலும் இத்தனை கைத்திறன் ஊறிய கண்டிப் பிரதேசத்தில், மரத்தின் விலையேற்றத்தாலும் கறையானின் உபத்திரவத்தாலும், வீட்டு ஜன்னலும் கடை முகப்பும் இன்று அலுமினியத்தால் ஆகி வருவது இயற்கையே. ஆனால் பொருள் மாறியபோது, மரத்துக்கென்று வாங்கிய பிளேட்டும், மரத்தில் பழகிய கையும் பல பட்டறைகளில் மாறவில்லை என்பதுதான் என் கவலை.

மரம் அறுக்கும் பிளேட்டின் பற்கள் பெரும்பாலும் முன்னோக்கிச் சாய்ந்து பொருளைக் கவ்வி இழுப்பவை. மிருதுவான அலுமினியத்தில் அந்தக் கவ்வலே, துண்டைப் பிடுங்கி எறிந்து, அதைப் பற்றியிருக்கும் கையையும் வாளிடம் இழுத்துச் செல்லும் அபாயமாகிறது. அலுமினியத்துக்கென்றே செய்யப்படும் கார்பைட் பிளேட்டிலோ பற்கள் சற்றே பின்சாய்ந்து, பத்து அங்குல வட்டத்தில் நூறு என்னும்படி நெருங்கி நிற்கும். அதற்குரிய விலையைச் செலவென்று எண்ணுவது விவேகமன்று. 660 பாகை செல்சியசிலேயே உருகிவிடும் இவ்வுலோகம் சூட்டில் இளகிப் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும் சுபாவமுடையதாதலால், மின்இணைப்பைக் கழற்றிய பிறகு பிளேட்டில் மெழுகு தடவிக்கொள்வதும் அவசியம். சட்டத்தை வாள்மேசையோடு கவ்வியில் இறுக்கி, பிளேட் முழு வேகம் அடைந்தபின் நிதானமாக இறக்கி, அறுத்து முடித்து அது நின்றபிறகே மேலே தூக்கினால், வெட்டுவாய் பிசிறின்றி அமையும். சுத்தமான வேலைக்கும் பத்திரமான வேலைக்கும் வழி ஒன்றே.

இதனினும் கொடியது, இரும்பு வெட்டும் தட்டைக் கிரைண்டரில் பூட்டி, மூடியையும் கழற்றிவிட்டு அலுமினியத்தை அறுக்கும் வழக்கம். தட்டின் துளைகளில் உலோகம் அப்பிக்கொள்ள, சூடேறி அது வெடித்துச் சிதறக்கூடும். இரும்புத் துருத்தூளும் அலுமினியத் தூளும் ஒரே மூலையில் குவிந்து கிடந்தால், ஒரு பொறியே உக்கிரமான தீயை மூட்டப் போதும். அத்தீயை அணைக்க உலர்ந்த மணலே வேண்டும், தண்ணீர் ஆகாது. கையுறை காக்கும் என்று நம்புவோரும் உளர். சுழலும் பிளேட்டின் அருகே அது கையை உள்ளே இழுப்பதற்கே ஏதுவாகும்.

இயந்திரத்தின் அபாயகரமான பாகங்களுக்கு வேலியிட வேண்டுமென்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதித்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் தோட்டத்து லயத்திலிருந்து வேலை தேடி நகரத்துக்கு வந்து, பாஸிடம் தொழில் பழகும் பையன், தெறிக்கும் சூடான சீவல்களுக்கு முன்னே வெறுங்கண்ணோடு குனிந்து நிற்கும் காட்சியை நான் இன்றும் காண்கிறேன். அவனுக்குக் கண்ணாடி வாங்கித் தருவது முதலாளியின் தயையன்று, கடமை.

ஜன்னலுக்கு முற்பணம் கொடுக்கப் பட்டறைக்குச் செல்லும் வாசகர்களே, விலையைக் கேட்குமுன் அந்தப் பையனின் முகத்தை ஒருமுறை பாருங்கள். கண்ணாடி இல்லையெனில் ஏன் இல்லையென்று கேளுங்கள்.