வயருக்குள் ஒரு காவற்காரன்

வீட்டுச் சுவரில் எட்டடித் திரையைத் தொங்கவிட்டு, ஒரு புரொஜெக்டரை வைத்துப் படம் பார்ப்பது செல்வந்தர்களுக்கு மட்டுமே உரிய ஆடம்பரமாக இருந்த காலம் போய்விட்டது. ஆனால், கருவியை வாங்குவதில் இல்லாத சிக்கல் அதனை வீடியோப் பெட்டியுடன் இணைப்பதில் இருக்கின்றது. எல்லா வயர்களையும் சரியாகக் கொடுத்தும் திரை கறுப்பாகவே இருக்கின்றதென்று அலுத்துக்கொள்பவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். எனது கருத்து வேறு. இந்தச் சிக்கலில் ஒரு பகுதிதான் தொழில்நுட்பத்தால் வந்தது. மறுபகுதி திட்டமிட்டே வைக்கப்பட்டது.

பழைய மஞ்சள் வயர் முழுப் படத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும். சிறிய தொலைக்காட்சியில் தெரியாத கலங்கல் எட்டடித் திரையில் அப்பட்டமாகத் தெரியும். ஆனாலும் அதற்கு ஒரு நற்குணம் உண்டு. வயர் நீண்டாலும் படம் மங்குமே தவிர, மறைந்துவிடாது. 2002 டிசெம்பரில் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. முறை, படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் தெளிவாகக் கொண்டுசெல்கின்றது. இது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. எனினும் புரொஜெக்டர் அறையின் பின்புறக் கூரையிலும் வீடியோப் பெட்டி முன்புறத்திலும் இருக்கும்போது, சாதாரண வயர் பத்து மீற்றரைத் தாண்டினால் திரையில் வெண்புள்ளிகள் பறக்கலாம்; படம் அடியோடு மறைந்தும் போகலாம். ஒலியும் படத்தோடு பின்னால் போய், புரொஜெக்டரின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் முனகும். ஒலியை வீடியோப் பெட்டியிலிருந்தே பிரித்து முன்னாலுள்ள அம்ப்ளிபயருக்குக் கொடுக்க வேண்டுமென்று எத்தனை விற்பனையாளர்கள் சொல்கின்றார்கள்?

இனித் திட்டமிட்டு வைக்கப்பட்ட சிக்கலுக்கு வருவோம். இன்டெல் நிறுவனம் உருவாக்கிய எச்.டி.சி.பி. என்ற பாதுகாப்பு முறை, வயருக்குள் நிற்கும் காவற்காரனைப் போன்றது. வீடியோப் பெட்டி, "நீ யார்?" என்று புரொஜெக்டரைக் கேட்கும். உரிய இரகசியச் சாவியுடன் பதில் வராவிட்டால், பாதுகாக்கப்பட்ட படத்தைக் கொடுக்காது. இதற்குப் பதில் சொல்லத் தெரியாத பழைய புரொஜெக்டர்கள், விளக்கும் வில்லையும் நன்றாக இருந்தும் மூலைக்குப் போயின. புளூ-ரே பெட்டிகளுக்கு இன்னொரு விதியும் வந்தது. 2010 ஆம் ஆண்டுக்குப் பின் தயாரிக்கப்பட்டவை பழைய வகை வயர்களில் சாதாரணத் தொலைக்காட்சித் தரத்துக்கு மேல் படம் தரக்கூடாது. 2013 இற்குப் பின் தயாரிக்கப்பட்டவை அந்த வயர்களில் படமே தரக்கூடாது.

திருட்டுக் கொப்பி நின்றுவிட்டதா? 2010 செப்டெம்பரில் எச்.டி.சி.பி.யின் மூலச்சாவி இணையத்தில் வெளியானது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. திருட்டுக் கொப்பி எந்தப் புரொஜெக்டரிலும் தடையின்றி ஓடுகின்றது. காசு கொடுத்து இறுவட்டு வாங்கியவர்தான் கறுப்புத் திரைக்கு முன்னால் குந்தியிருக்கின்றார்.

சினிமாப் படம் மட்டுமென்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். எங்கள் வீடுகளில் இருப்பவை அவை மட்டுமல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கலியாணங்களும் சாமத்திய வீடுகளும் கோயில் திருவிழாக்களும் வீடியோ நாடாக்களில் பதிவாகி, கைமாறிக் கைமாறி வெளிநாடுகளுக்குப் போயின. 1990 இற்குப் பின் பல ஆண்டுகள் மின்சாரமில்லாதிருந்த யாழ்ப்பாணத்தில், மின்பிறப்பாக்கியையும் தொலைக்காட்சியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து ஊர்கூடிப் பார்த்தார்கள். கனடாவுக்குப் போன நாடாக்களுக்கு அங்கேயும் தடை. இலங்கையின் பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், கனடாவின் என்.ரி.எஸ்.சி. முறையில் 525. ஊரிலிருந்து வந்த நாடா அங்குள்ள சாதாரண டெக்கில் ஒழுங்காக ஓடவில்லை. ஜெர்மனிக்கும் நோர்வேக்கும் போனவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை, அங்கேயும் பால் முறைதான். அந்த நாடாக்களில் தெரியும் வீடுகளில் எத்தனையோ இன்று இல்லை. முற்றத்தில் நின்று சிரித்தவர்களில் எத்தனையோ பேரும் இல்லை. வேறு படமே இல்லாதவர்கள் கூட அவற்றில் இருக்கின்றார்கள்.

வீடியோ டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் பூனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. புதிய புரொஜெக்டர்கள் பலவற்றில் மஞ்சள் வயருக்கான துளையும் இல்லை. ஆகவே புரொஜெக்டர் வாங்கப் போகின்றவர்கள் அதன் வெளிச்சத்தை விசாரிக்கு முன் அந்தத் துளை இருக்கின்றதா என்று விசாரிக்க வேண்டும் என்பேன். இல்லையென்றால், மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் சிறு பெட்டி ஒன்று தேவைப்படும். மின்னிணைப்பே இல்லாமல், ஒரு முனையில் மஞ்சளும் மறுமுனையில் எச்.டி.எம்.ஐ.யும் உள்ள வெறும் வயரை யாராவது விற்றால் வாங்காதீர்கள், அதனால் இந்த வேலை ஆகாது. பெட்டி பால், என்.ரி.எஸ்.சி. இரண்டையும் ஏற்கின்றதா என்றும் பாருங்கள். டெக் ஓடும் நிலையில் இருக்கும்போதே நாடாக்களைக் கணினியில் பதிந்து, பிரதியொன்றை உறவினர் வீட்டிலும் வைத்துவிடுவது இன்னும் நல்லது.

திரையில் காட்டும்போது பட அளவை 4:3 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் மணமகளின் முகம் பூசணிக்காய் போல அகன்று தெரியும்.