வாசலில் இருக்கும் கணக்கு

ஜனங்கள் வரிசையாக நின்று கால் கடுப்பதைக் கண்டவுடன், உள்ளே இருப்பவர் சோம்பேறி என்று தீர்ப்புக் கூறிவிடுவது நம்மவர் வழக்கம். பல சமயங்களில் குற்றம் உள்ளே இல்லை, வாசலில் இருக்கிறது.

மணிக்குச் சராசரி 10 பேரைக் கவனிக்க வல்ல ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். வருவோர் நேரங்காலம் பார்த்து வருவதில்லை. ஒவ்வொருவர் காரியமும் ஒரே அளவு நேரம் பிடிப்பதுமில்லை. மணிக்கு 8 பேர் வந்தால், சராசரியாக எந்நேரமும் அவரிடம் 4 பேர் இருப்பார்கள். 9 பேர் வந்தாலோ 9 பேர். வருகை ஒன்பதரை ஆயிற்றானால் 19 பேர்! அரை ஆள் செய்யும் அநர்த்தம் இது.

ஆகவே வருகையை மட்டுப்படுத்த வேண்டும். எவ்வாறு? 1969-ல் பின்ஹாஸ் நாவோர் என்னும் இஸ்ரேல் தேசத்து அறிஞர் இதை ஆராய்ந்தார். வரிசையின் நீளத்தைக் கண்டு, சேர்வதா திரும்புவதா என்று யோசிப்பவன் தன் நஷ்டத்தை மட்டுமே எண்ணுகிறான். தன்னால் பின்னே வருவோருக்கு நேரும் தாமதம் அவன் கணக்கில் சேர்வதில்லை. எனவே வரிசை பொது நலத்துக்கு உகந்த அளவை மீறுகிறது. தக்க கட்டணம் விதித்தால் அது அளவில் நிற்கும். ஆனால் விதிக்கும் உரிமையை லாபம் தேடும் முதலாளியிடம் விட்டால், கட்டணம் மிகுந்து வாசல் வேண்டாத அளவுக்குக் காலியாகிவிடக் கூடும். இதையும் நாவோரே காட்டியிருக்கிறார். நமக்கோ வேறோர் ஆட்சேபமும் உண்டு. எல்லோருடைய காத்திருப்புக்கும் ஒரே விலை என்று வைத்தே அவர் கணக்கிட்டார். கூலிக்காரனுக்கும் மிராசுதாருக்கும் ரூபாய் ஒரே கனமுள்ளதா?

கடைசியில் வந்தவனை முதலில் கவனித்தால் கட்டணமே தேவையில்லை என்று 1985-ல் ரெஃபாயெல் ஹாசின் நிரூபித்தார். கணக்கில் பிசகில்லை. அதை நடத்திப் பார்க்கத் துணியும் அதிகாரிக்கு நம் அனுதாபம்!

அமெரிக்காவில் மினியாபோலிஸ், செயின்ட் பால் நகரங்களின் பெருஞ்சாலைகளில், நுழைவாயில்தோறும் விளக்கு வைத்து மோட்டார்களைச் சிறுகச் சிறுக உள்ளே விட்டுவந்தார்கள். வாயிலில் காத்திருந்தோர் முணுமுணுத்தனர். 2000-ம் ஆண்டில், ராஜ்ய சட்டசபையின் உத்தரவினால் சுமார் 430 விளக்குகள் சில வாரங்கள் அணைக்கப்பட்டன. வாசல் திறந்தாயிற்று, சாலையில் சென்ற வண்டிகளோ 9 சதவிகிதம் குறைந்தன! பிரயாண நேரம் 22 சதவிகிதமும், விபத்துக்கள் 26 சதவிகிதமும் கூடின.

விளக்குகள் மீண்டும் எரிந்தன. ஆயினும் முணுமுணுத்தவர்கள் முற்றும் தோற்றுவிடவில்லை: நுழைவாயிலில் எவரையும் 4 நிமிஷத்துக்கு மேல் நிறுத்தலாகாது என்று விதி செய்யப்பட்டது.