வாலறுந்த புல்லட்

பழைய மோட்டார் சைக்கிளை நண்பர்கள் கூடி 'பாபர்' ஆக்குவது சுகமான வேலை. எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

இந்தியாவில் மோட்டார் சைக்கிளை அலங்கரிப்பது என்றால் எதையாவது சேர்ப்பது என்று அர்த்தம். கூடுதலாக இரண்டு விளக்கு, நாலு வீடு தள்ளி உறங்குபவரையும் எழுப்பும் ஹார்ன், டேங்க்குக்கு ரெக்ஸின் உறை, மட்கார்டில் பிள்ளைகளின் பெயர். இதற்கு நேர் எதிரான மார்க்கம் ஒன்றும் உண்டு. அதைச் சேர்ந்தவர்கள் கழற்றிக்கொண்டே போவார்கள். முன் மட்கார்டு போகும். பின் மட்கார்டு பாதியாகும். இரட்டை சீட், பக்கத்துப் பெட்டிகள், கேரியர் எல்லாம் மூட்டை கட்டப்படும். கடைசியில் மிஞ்சுவது இரண்டு பருத்த சக்கரங்கள், ஒரு எஞ்சின், ஒரு டேங்க், ஒற்றை ஆள் உட்காரும் ஸ்பிரிங் சீட்.

இதற்குப் பெயர்தான் பாபர். முகலாய மன்னருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தலைமுடியையோ குதிரையின் வாலையோ கட்டையாகக் கத்தரிப்பதை ஆங்கிலத்தில் 'பாப்' என்பார்கள். வாலைப்போல நீண்டிருந்த பின் மட்கார்டை நறுக்கிய வண்டி என்பதால் பாபர்.

பிறந்த இடம் அமெரிக்கா. 1930களிலேயே பந்தயப் பிரியர்கள் எடையைக் குறைக்க உதிரிகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அது ஒரு மோகமாகப் பரவியது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான். போர்முனையிலிருந்து இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஹார்லி-டேவிட்சன் டபிள்யூ.எல்.ஏ. வண்டிகள் உபரியாகி விலைக்கு வந்தன. ஸ்பானர் பிடித்துக் கை பழகியவர்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக் கொட்டகையில் நண்பர்கள் கூடி, கனமான தகரங்களைக் கழற்றி எறிந்து, தங்களுக்கென்று ஒரு வண்டியைச் செய்துகொண்டார்கள். பின்னால் வந்த சாப்பர் ரக வண்டிகளையும் இவற்றையும் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. 1969ல் வெளியான 'ஈஸி ரைடர்' படத்தில் பார்க்கிற, முன் ஃபோர்க் நீண்டு சரிந்த வண்டி சாப்பர். அதற்குச் சட்டத்தின் கழுத்தையே வெட்டி, கோணத்தை மாற்றுவார்கள். பாபர்காரர்கள் பெரும்பாலும் சட்டத்தில் கை வைக்கவில்லை. மேலே இருந்ததைக் குறைத்ததோடு சரி. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது. பின்னால் சட்டப் பிரச்சினை வரும்போது உதவும்.

இந்தியாவில் இந்த ஆசைக்கு இலக்கானது புல்லட். 1955ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்த பிறகு, திருவொற்றியூர் ஆலையில் உருவான வண்டி. பிறந்த நாட்டில் உற்பத்தி நின்றுபோன பின்னும் இங்கே அதே வார்ப்பிரும்பு எஞ்சினுடன் பல பத்தாண்டுகள் ஓடியது. 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. அவசரப்படாத எஞ்சின். ராணுவம், போலீஸ், பால்காரர் என்று எல்லோரிடமும் இருந்ததால் எந்த ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும். பாபராக்க விரும்புகிறவருக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பல பழைய பிரிட்டிஷ் வண்டிகளைப்போல இதற்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது. எண்ணெய் எஞ்சினின் வயிற்றிலேயே இருக்கிறது. கழற்றிப் போட்டால் கண்ணை உறுத்தாத ஒரு வண்டி கிடைக்கிறது.

காசு இருப்பவர்களுக்கு வழி சுலபம். ஜெய்ப்பூரின் ராஜ்புதானா கஸ்டம்ஸ், மும்பையின் வர்தென்சி போன்ற பட்டறைகள் இதையே தொழிலாகச் செய்து பெயர் வாங்கியவை. தில்லியின் கரோல்பாகில் சந்துக்குச் சந்து மோட்டார் சைக்கிள் கடைகள். மற்றவர்களுக்கு இருப்பது நண்பர்களும் சனிக்கிழமை மாலைகளும்தான்.

இந்த வேலையில் நட்பு ஒரு அலங்காரம் அல்ல, தேவை. ஒரே ஆளுக்கு எல்லாம் தெரிந்திருப்பது அபூர்வம். வயரிங் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். லேத்தில் புஷ் கடைந்து தரக்கூடிய டர்னர் ஒருவர். தகரத்தைத் தட்டி வளைக்கத் தெரிந்த டிங்கர் ஒருவர். மேற்கு தில்லியின் மாயாபுரி போன்ற காயலான் கடைப் பிராந்தியங்களில் மணிக்கணக்கில் குப்பையைக் கிளறும் பொறுமைசாலி ஒருவர். எதுவுமே தெரியாத, ஆனால் வீட்டில் காலி ஷெட் உள்ள ஒருவர். இந்தக் கடைசி ஆசாமி இல்லாமல் எந்த பாபரும் உருவானதில்லை.

முதல் நாள் வேலை கழற்றுவது. எல்லோருக்கும் பிடித்த நாளும் அதுதான். ஆபத்தும் அங்கேயே ஆரம்பிக்கிறது. பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் காலத்து மரைகள் பல ரகம். இடையில் பார்த்த மெக்கானிக்குகள் மெட்ரிக் போல்ட்டையும் திணித்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு போல்ட்டுகளை இடம் மாற்றி முறுக்கினால் மரை போய்விடும். அதனால் அனுபவம் உள்ள கோஷ்டிகளில் ஒருவர் எதையும் கழற்றமாட்டார். கழற்றியதைப் படமெடுத்து, டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதுவது மட்டுமே அவர் வேலை. மூன்று மாதத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை ஒரு வருடம் இழுக்கும்போது, அவருடைய கையெழுத்துதான் வண்டியைக் காப்பாற்றும்.

அடுத்தது சக்கரம். பாபரின் லட்சணமே பருத்த டயர்தான். புல்லட்டின் 19 அங்குல ரிம்மைக் கழற்றி 16 அங்குல ரிம் போடுகிறார்கள். வண்டி குள்ளமாகிவிடுமே என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி. 16 அங்குல ரிம்மில் 5 அங்குல டயர் மேலும் கீழும் சேர்ந்தால் சுமார் 26 அங்குலம். 19 அங்குல ரிம்மில் மூன்றேகால் அங்குல டயர் என்றால் 25.5. உயரம் ஏறக்குறைய அதேதான். அதனால் கியரின் இழுவையும் மாறாது, சென்டர் ஸ்டாண்டும் பொருந்தும். சிக்கல் அகலத்தில். பருத்த டயர் ஒரு பக்கம் செயினை உரசும், மறுபக்கம் ஸ்விங் ஆர்மை. ரிம்மைக் கொஞ்சம் தள்ளி ஸ்போக் கட்ட வேண்டும். தள்ளினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்காது. நூல் பிடித்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சரிசெய்கிற இந்த இரவுகளில்தான் நட்பு சோதிக்கப்படுகிறது.

பிறகு மூச்சு. பக்கத்துப் பெட்டியோடு ஏர் ஃபில்டரும் போய், சைலன்சரும் மாறினால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவு கூடும். பெட்ரோல் அதே அளவில் வந்தால் எஞ்சின் சூடேறும். கார்புரேட்டரில் ஜெட்டை மாற்ற வேண்டும். எந்த அளவு என்பதை ஸ்பார்க் பிளக் சொல்லும். ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. டாப்பெட்டுக்குக் கருவியே தேவையில்லை. குளிர்ந்த எஞ்சினில் புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

இதுவரை எல்லாம் விளையாட்டு. விபரீதம் இரவு பதினோரு மணிக்கு ஆரம்பிக்கிறது. யாராவது ஒருவர் கையில் கிரைண்டரை எடுத்துக்கொண்டு, பின்பக்க ஷாக் அப்சார்பர்களை அறுத்துவிட்டு நேராகக் குழாய் வைத்து வெல்டு அடித்துவிடலாம் என்பார். பழைய அமெரிக்க வண்டிகளுக்குப் பின்பக்கத்தில் ஸ்பிரிங் கிடையாது. அந்தக் கோடுதான் அழகு. ஆனால் புல்லட் 1949லிருந்தே ஸ்விங் ஆர்ம் உள்ள வண்டி. அதன் சட்டத்தில் கீழ்ப்பக்கக் குழாய் இல்லை. எஞ்சினே சட்டத்தின் ஒரு பாகமாகப் பாரத்தைச் சுமக்கிறது. ஓரிடத்தில் செய்த தவறு இன்னோர் இடத்தில் விரிசலாக வெளிப்படும். மெல்லிய குழாயில் அவசர வெல்டிங் செய்தால், வெல்டு நிற்கும், அதற்குப் பக்கத்தில் சூடுபட்ட உலோகம் பலவீனமாகும். அது ஷெட்டில் தெரியாது. தெரு முனையிலும் தெரியாது. என்றோ ஒரு நாள், அறுபது கிலோமீட்டர் வேகத்தில், மழைநீர் மூடிய பள்ளத்தில் தெரியும்.

அந்த நேரத்தில் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்குகிறவர்தான் அந்தக் கோஷ்டியின் உண்மையான மெக்கானிக். ஊக்கப்படுத்த நூறு பேர் கிடைப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

அரசாங்கமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம் பல்லும் வைத்தது. அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பின்சீட்டுக்கு இடமுள்ள வண்டியில் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், துணி சிக்காமல் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்பது விதி. பாபர்காரர்கள் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். சேலை கட்டியவர்கள் பின்னால் உட்காரும் நாட்டில் அந்த விதிக்கு ரத்தம் தோய்ந்த காரணங்கள் உண்டு.

பழமைக்கு மரியாதை தரும் சட்டம் ஒன்றும் வந்தது. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிகள், 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கொடுத்தன. ஆனால் நிபந்தனை, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருந்தால் அந்தக் கௌரவம் கிடையாது. தாத்தாவின் 1960களின் புல்லட்டை அறுத்தவர், பாபர் ஒன்றைப் பெற்ற அதே கணத்தில் ஒரு விண்டேஜ் வண்டியை இழந்துவிடுகிறார்.

இதில் ஒரு வேடிக்கை. வீட்டில் செய்தால் குற்றமான இதே உருவத்தைக் கம்பெனிகள் ஷோரூமில் விற்கின்றன. 2018ல் அறிவிக்கப்பட்ட ஜாவா பெராக், 2022ல் ஜாவா 42 பாபர், 2024ல் ராயல் என்ஃபீல்டின் கோவன் கிளாசிக் என்று வரிசையாக வந்தன. அவை பரிசோதனைகளில் தேறி அனுமதி பெற்றவை. ஷெட்டில் பிறந்த பாபருக்கு அப்படிப் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கச் சாமானியனுக்கு எளிய வழி இல்லை. நேர்த்தியாகச் செய்த வண்டியும், கண்மூடித்தனமாக அறுத்த வண்டியும் போலீஸ்காரர் கண்ணுக்கு ஒன்றுதான். சட்டத்தின் நோக்கம் நியாயமானது. நல்ல வேலையைப் பிரித்துப் பார்க்கும் கண் அதற்கு இல்லை என்ற குறையும் நியாயமானது.

விவரமானவர்கள் நடுவே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். எதையும் வெட்டுவதில்லை. எல்லாம் போல்ட்டில் பொருத்துவது, போல்ட்டில் கழற்றுவது. நறுக்க வேண்டியது மட்கார்டு என்றால், காயலான் கடையில் இன்னொரு மட்கார்டு வாங்கி அதை நறுக்குகிறார்கள். அசல், எண்ணெய் தடவிய துணியில் சுற்றிப் பரண் மேல் ஏறுகிறது. சட்டமும் அதில் பொறித்த எண்ணும் தொட்டபடி இல்லை. பிரேக், விளக்கு, ஹார்ன், கண்ணாடி ஆகியவற்றில் சமரசம் இல்லை. ஒரு வாரக்கடைசியில் வண்டியைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இதனால் மட்டும் சாலைக்கு அது சட்டபூர்வமாகிவிடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முதலில் கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு நஷ்டஈட்டுக் கோரிக்கையில் முதல் கேள்வியாக வந்து நிற்கும். ஆனால் மனம் மாறினால் திரும்பி வர வழி இருக்கிறது. அறுத்தவருக்கு அது இல்லை.

எல்லாம் முடிந்து ஒரு நாள் பெட்ரோல் ஊற்றப்படுகிறது. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, டிகம்ப்ரெஸரைப் பிடித்து பிஸ்டனை ஒரு நூல் தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு பலத்தோடு ஒரு மிதி. முதல் மிதியில் கிளம்பாது. ஏழாவதிலோ பதினைந்தாவதிலோ ஒரு இருமல், ஒரு புகை, அப்புறம் அந்தப் பழகிய தாளம். டர்னர் தன் புஷ்ஷைக் கேட்கிறார். வயரிங்காரர் விளக்கைப் பார்க்கிறார். ஷெட்காரர் டீ சொல்கிறார்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து செய்த வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். வரிசையில் நிற்கிறார்கள்.