ஹாக்னி வைரங்களும் என் நண்பரின் கோபமும்

காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் வயதுக்காரர்கள் பேசுவது பெரும்பாலும் சர்க்கரை அளவு, பென்ஷன், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். நானும் என் நண்பரும் மட்டும் இன்னொன்றை வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். ரோலிங் ஸ்டோன்ஸ்.

சிரிக்காதீர்கள். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தோம். ரிக்ரியேஷன் கிளப் விழாக்களில் நான் கிட்டார், அவர் பாங்கோ, இன்னொரு நண்பர் பாட்டு. அந்தப் பாட்டுக்கார நண்பர் தயவில்தான் எங்களுக்கு ஸ்டோன்ஸ் பைத்தியமே பிடித்தது.

2023 அக்டோபர் 20-ஆம் தேதி 'ஹாக்னி டயமண்ட்ஸ்' வெளிவந்தது. சொந்தப் பாடல்களோடு அவர்கள் கொண்டுவந்த முந்தைய ஆல்பம் 2005-ல் வந்த 'எ பிக்கர் பேங்'. பதினெட்டு வருஷ இடைவெளி! மிக் ஜாகருக்கு அப்போது எண்பது முடிந்துவிட்டது. கீத் ரிச்சர்ட்ஸுக்கு எண்பது ஆக இரண்டு மாதம் பாக்கி. ரானி வுட் எழுபத்தாறு வயதுக் குழந்தை. ஹாக்னி என்பது கிழக்கு லண்டனில் ஒரு பகுதி. கார் கண்ணாடியையோ கடைக் கண்ணாடியையோ உடைத்துத் திருடிவிட்டுப் போனால் தரையில் சிதறிக் கிடக்குமே, அந்தத் துண்டுகளுக்குத்தான் லண்டன் கொச்சையில் 'ஹாக்னி வைரம்' என்று பெயர்.

பெயருக்கு ஏற்ற மாதிரியே ரசிகர்களும் சிதறிப் போனார்கள். ஒரு கூட்டம், 1981-ல் வந்த 'டாட்டூ யூ'வுக்குப் பிறகு இவ்வளவு நல்ல ஆல்பம் கிடையாது என்றது. இன்னொரு கூட்டம், இது ஸ்டோன்ஸே இல்லை, பாலிஷ் போட்ட பொம்மை என்றது. மூன்றாவது கூட்டத்துக்கு என் நண்பர்தான் தலைவர். அவர் கட்சி ஒரே வரி: "சார்லி போனதோட கடையை மூடியிருக்கணும்ப்பா."

சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, எண்பதாவது வயதில் காலமானார். 1963-லிருந்து அந்தக் குழுவின் டிரம்ஸ் அவர்தான். அவர் வாசிப்பில் ஒரு தனி அடையாளம் உண்டு. இடது கை ஸ்னேர் டிரம்மில் அடி வைக்கும் அந்த நொடியில், ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டிலிருந்து வலது கையைத் தூக்கிவிடுவார். மற்றவர்கள் இரண்டையும் சேர்த்து அடிப்பார்கள். இவர் அந்த இடத்தைக் காலியாக விடுவார். அதனால் ஸ்னேர் சத்தம் மட்டும் தனியாக, சுத்தமாக விழும். மனதளவில் அவர் ஜாஸ் ஆசாமி. ஆர்ப்பாட்டமே கிடையாது.

முதலில் பாலிஷ் பற்றிய புகாரைப் பார்ப்போம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட், 1990-ல் பிறந்தவர். ஜஸ்டின் பீபர், மைலி சைரஸ் போன்றவர்களுக்கு ஆல்பம் செய்த கை. ஆனால் ஸ்டோன்ஸ் பக்தர். ஒலிப்பதிவு நடந்த நாட்களில் தினம் ஒரு ஸ்டோன்ஸ் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனவர். பக்தி இருந்தும் இந்தக் காலத்து வழக்கப்படி எல்லாச் சத்தத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டார். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில் நாகஸ்வரம் கேட்பது போல. வாசிப்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஏற்றம் எது இறக்கம் எது என்று காதுக்குத் தெரியாது. 1972-ல் வந்த 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' எத்தனை அழுக்காக, புழுக்கமாக ஒலிக்கும்! அந்த அழுக்கில்தான் உயிர் இருந்தது. இங்கே துடைத்து வைத்திருக்கிறார்கள். சில பாடல்கள் முடிந்ததும் மறந்துபோவதும் உண்மை.

ஆனால் மீதிப் பாதியில் நியாயம் இல்லை. "ப்ளூஸுக்குத் திரும்பிப் போகவில்லையே" என்கிறார்கள். போனார்களே! 2016-ல் 'ப்ளூ அண்ட் லோன்சம்' வந்தது. லண்டன் பிரிட்டிஷ் குரோவ் ஸ்டுடியோவில் மூன்றே நாளில் பதிவு செய்தது. ஹவ்லின் வுல்ஃப், லிட்டில் வால்ட்டர் போன்ற பழைய சிகாகோ ஆட்களின் பாடல்கள் பன்னிரண்டு. பக்கத்தில் வேறு வேலையாக வந்திருந்த எரிக் கிளாப்டனும் இரண்டு பாட்டுக்கு உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போனார். அப்போது இதே ரசிகர்கள் என்ன சொன்னார்கள்? "எல்லாம் மற்றவர்கள் பாட்டு, சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது." சொந்தச் சரக்கு வந்ததும் "பழைய சரக்கு எங்கே?" என்கிறார்கள். ஆடினாலும் குற்றம், ஆடாவிட்டாலும் குற்றம் என்றால் அந்த மனுஷர்கள் என்னதான் செய்வார்கள்?

இப்போது என் நண்பரின் கட்சி. ஒரு நாள் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பாட்டின் பெயரும் சொல்லவில்லை, யார் வாசித்தது என்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு பாட்டு, நாற்பத்தெட்டு நிமிஷம். "எது சார்லின்னு நீயே சொல்லு" என்றேன். இந்த ஆல்பத்தில் இரண்டு பாட்டில் சார்லி இருக்கிறார், இறப்பதற்கு முன் பதிவு செய்தவை. 'லிவ் பை தி ஸ்வோர்ட்' ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கிவிட்டார். சரிதான். அதில் 1993-ல் குழுவை விட்டுப் போன பில் வைமனும் திரும்பி வந்து பேஸ் வாசித்திருக்கிறார். பழைய ஆட்கள் மறுபடி ஒன்று சேர்ந்த ஒரே பாட்டு அது. இரண்டாவதாக அவர் கை தூக்கியது 'டிரீமி ஸ்கைஸ்'. அது சார்லி இல்லை. உண்மையில் சார்லி வாசித்த 'மெஸ் இட் அப்' பாட்டுக்குச் சும்மா இருந்துவிட்டார்.

சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "ஸ்பீக்கர் சரியில்லை" என்றார்.

அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் தவறியிருப்பேன். நாம் காதால் மட்டும் கேட்பதில்லை, இழந்த ஆளைத் தேடிக்கொண்டே கேட்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு விஷயமும் இருக்கிறது. சார்லி இடத்தில் இப்போது வாசிக்கும் ஸ்டீவ் ஜோர்டன் எங்கிருந்தோ பிடித்து வந்த ஆள் இல்லை. 2021-ல் உடம்பு முடியாமல் போனபோது, அமெரிக்கச் சுற்றுப்பயணம் நின்றுவிடக் கூடாது என்று தன் இடத்தில் உட்காரும்படி ஜோர்டனைக் கேட்டுக்கொண்டவர் சார்லிதான். அந்த மாதமே போய்விட்டார். அடுத்த மாதம் பயணம் தொடங்கியது. கடையை மூடு என்று அவர் சொல்லவில்லை. சாவியைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரே சொல்லாததைச் சொல்ல ரசிகனுக்கு என்ன உரிமை?

கீத் ரிச்சர்ட்ஸுக்கு விரல் மூட்டுகளில் வாதம். வாசிக்கும் முறையே அதனால் மாறிவிட்டது என்று 2023-ல் ஒரு பேட்டியில் சொன்னார். பழையபடி வராத இடத்தில் கிட்டாரே வேறு வழி காட்டுகிறது என்கிற அர்த்தத்திலும் சொன்னார். அதைப் படித்துவிட்டு என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் அதே மூட்டுதான். அதைக் காரணம் காட்டி நான் கிட்டாரைப் பரணில் ஏற்றி நான்கு வருஷம் ஆகிறது.

விரல் மட்டும் காரணம் இல்லை. எங்கள் பாட்டுக்கார நண்பர் போய் நான்கு வருஷம். அவர் காரியம் முடிந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து வாசிக்கவே இல்லை. வாசிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதும் இல்லை. 'கடையை மூடியிருக்கணும்' என்று நண்பர் டீக்கடையில் கத்துவது யாரை நினைத்து என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. நாங்கள் மூடிவிட்டோம். அவர்கள் மூடவில்லை. கோபம் அதில்தான்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ரோலிங் ஸ்டோன் ப்ளூஸ்'. மடி வாட்டர்ஸ் 1950-ல் பதிவு செய்த பாட்டு. குழுவுக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் இப்போதுதான் அதை முதல் தடவையாக ஆல்பத்தில் பாடுகிறார்கள். டிரம்ஸ் கிடையாது. லேடி காகா, ஸ்டீவி வொண்டர், பால் மெக்கார்ட்னி என்று வந்த விருந்தாளிகள் யாரும் இதில் இல்லை. ஜாகரின் குரல், அவருடைய மவுத் ஆர்கன், கீத்தின் கிட்டார், அவ்வளவுதான். 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில், ஜாகர் கையில் இருந்த மடி வாட்டர்ஸ், சக் பெர்ரி இசைத்தட்டுகளைப் பார்த்துத்தான் கீத் பேச்சுக் கொடுத்தார். அந்த இரண்டு பையன்கள் மறுபடி அதே பிளாட்பாரத்தில் நிற்பது போல இருக்கிறது. பாலிஷும் இல்லை. மற்றப் பதினொரு பாட்டைக் குறை சொன்னவர்களும் இதைக் கேட்டு அடங்கிப் போனார்கள்.

2025 பிப்ரவரியில் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதும் இதற்குக் கிடைத்தது. அதற்காக இது மகத்தான ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். என் கணக்கில் நாலைந்து நல்ல பாட்டு, ஒரு அபாரமான பாட்டு, மீதி சுமார். ஆனால் எண்பது வயதில் சுமாராக ஒன்றைச் செய்து ஊர் முன்னால் வைப்பதற்கும் தைரியம் வேண்டும். பழைய பெருமையைத் துடைத்துத் துடைத்து அலமாரியில் வைத்திருப்பது சுலபம். அதைத்தான் நாங்கள் செய்தோம்.

போன வாரம் பேரனைப் பரணில் ஏற்றிக் கிட்டாரை இறக்கச் சொன்னேன். இரண்டு கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. மாற்றியாகிவிட்டது. பழைய வேகம் வரவில்லை, சில பிடிகள் வரவே இல்லை. இரண்டு விரலில் வருவதை மட்டும் வாசிக்கிறேன்.

நண்பரிடம் நேற்று டீக்கடையில் சொன்னேன், "ஞாயித்துக்கிழமை பாங்கோவை எடுத்துட்டு வா." ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, "தோல் கிழிஞ்சிருக்கும்ப்பா. பார்க்கணும்" என்றார்.

பார்க்கணும் என்றாரே, அது போதும்.