கறந்த பாலும் பச்சைப் பாலும்

பாக்கெட் பாலை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பண்ணையில் கறந்த பால் வாங்கத் தொடங்கும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. சென்னையின் அடுக்குமாடி வாசல்களில் விடியும் முன்பே கண்ணாடி பாட்டில்கள் வந்து இறங்குகின்றன. கோவைப் பக்கம் இன்னமும் பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு, லிட்டர் குவளையோடு வந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். ஆவின் நீலப் பாக்கெட்டின் விலையைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருந்தாலும் வாங்குகிறவர்கள் முணுமுணுப்பதில்லை. குழந்தை குடிக்கிற பாலாயிற்றே.

இந்த மாற்றம் நல்லதுதானா என்று கேட்டால் பெரும்பாலும் நல்லது என்றே சொல்வேன். ஆனால் கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வியும் வருகிறது: “காய்ச்சாமலே குடித்தால்தான் சத்து முழுசாகக் கிடைக்குமாமே?” கைப்பேசியில் வரும் காணொளிகளின் வேலை இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘ரா மில்க்’ குடிப்பவர்கள் பேசுவதை யாரோ தமிழில் சொல்ல, நம்மவர்கள் கேட்டுவிட்டுப் பால்காரரிடம் விசாரிக்கிறார்கள். அங்கே கடையில் விற்கும் பால் பாஸ்டரைஸ் செய்தது. வீட்டில் யாரும் காய்ச்சுவதில்லை, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே தம்ளரில் ஊற்றுவார்கள். ஆகவே அவர்கள் பண்ணைப் பாலுக்கு மாறுவது என்றால் சூடே படாத பாலுக்கு மாறுவது என்றுதான் பொருள். நமக்கு அப்படி இல்லை. நம் வீட்டில் அடுப்பில் ஏறி இறங்கினால்தான் அது குடிக்கிற பால். புது வீட்டுக்குக் குடிபோனவர்களிடம்கூட “பால் காய்ச்சியாச்சா?” என்றுதான் கேட்கிறோம்.

எங்கே வாங்குவது என்பது ஒரு முடிவு. காய்ச்சுவதா வேண்டாமா என்பது வேறு முடிவு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டதில்தான் குழப்பம்.

முதல் முடிவைச் சீக்கிரம் பேசிவிடலாம். பண்ணைப் பால் சுவையாக இருக்கிறது, ஆடை கெட்டியாகப் படிகிறது என்கிறார்கள். உண்மைதான். நீலப் பாக்கெட்டில் வருவது 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால்; பச்சையில் 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். நீலத்திலிருந்து கறந்த பாலுக்கு மாறியவருக்கு நாக்கில் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தக் கொழுப்புதான். ஆரஞ்சிலிருந்து மாறியவர் அவ்வளவு வியப்பதில்லை. ‘ஏ2’ என்று சொல்லி இன்னும் கூடுதல் விலை கேட்பார்கள். பாலில் உள்ள பீட்டா கேசீன் என்ற புரதத்தில், 67ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் ஏ1, ஏ2 வேறுபாடு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் இந்த முத்திரைகளை எடுக்கச் சொல்லி உத்தரவிட்டு, ஒரு வாரத்துக்குள் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. காங்கேயம், பர்கூர், உம்பளாச்சேரி போன்ற நாட்டு மாடுகள் நிலைக்க வேண்டும் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்தால் அது நல்ல காரணம். மருந்தென்று நினைத்துக் கொடுக்க வேண்டாம்.

காய்ச்சாமல் குடிக்கலாம் என்பவர்களின் முதல் வாதம், “மாட்டை எனக்குத் தெரியும், என் கண் முன்னால்தான் கறக்கிறார்கள்” என்பது. இதற்குப் பதில் மத்தியதரைக் கடலில் மால்டா என்ற குட்டித் தீவில் நூறு வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அப்போது அது ஆங்கிலேயர் வசம். அங்கிருந்த சிப்பாய்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். இறங்கும், மறுபடி ஏறும், மூட்டு வலியோடு மாதக்கணக்கில் படுக்க வைக்கும். டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887இல் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்று தெரியவில்லை. கொசுவா, தண்ணீரா, தூசியா என்று தேடினார்கள்.

மால்டாவில் பால் என்றால் ஆட்டுப் பால். இடையர்கள் ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டி வருவார்கள்; வீட்டம்மா பாத்திரத்தை நீட்டினால் வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். கலப்படத்துக்கு இடமே இல்லை. 1905இல் தெமிஸ்டோக்லிஸ் சம்மித் என்ற மால்டா மருத்துவர் அந்த ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். கொழுகொழுவென்று ஆரோக்கியமாகத் தெரிந்த ஆடுகளில் பலவற்றுக்குத் தொற்று இருந்தது. சிலவற்றின் பாலிலேயே கிருமி இறங்கிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு படைமுகாமில் ஆட்டுப் பாலை நிறுத்தினார்கள், சிப்பாய்களின் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. ஊர் மக்கள் பழக்கத்தை விடவில்லை, காய்ச்சலும் அவர்களை விடவில்லை.

அந்தக் கிருமிக்குப் புரூஸின் பெயரையே வைத்துப் புரூசெல்லா என்கிறார்கள். நம் மாடுகளிலும் அது உண்டு. ஐந்து மாதத்துக்கு மேல் சினையாக இருக்கும் மாடு “கன்னு வீசிருச்சு”, அதாவது கரு கலைந்துவிட்டது, என்று கேள்விப்படும்போது, கால்நடை மருத்துவர் சந்தேகிக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு முறை போடும் தடுப்பூசி இருக்கிறது. 2019இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதையும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் பால்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கோமாரிக்குப் போட்டோம் என்பார். இதைப் பற்றிக் கேட்டால் பலர் யோசிப்பார்கள்.

மேல்நாட்டு ‘ரா மில்க்’ பேச்சை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது அங்கே இருக்கும் ஏற்பாடுகளைத்தான் விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் காய்ச்சாத பால் விற்க வேண்டுமானால் அந்த மந்தைக்குக் காசநோயும் புரூசெல்லாவும் இல்லை என்ற தகுதி வேண்டும், பாட்டிலில் எச்சரிக்கை வாசகமும் வேண்டும். சோதனையில் காசநோய் தெரிந்த மாட்டை மந்தையிலிருந்து விலக்கிக் கொன்றுவிடுவார்கள். இவ்வளவு செய்தும் ஸ்காட்லாந்து அதன் விற்பனையை 1983இலேயே தடைசெய்துவிட்டது. நம் ஊர்த் தொழுவத்தில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. இருக்கிற ஒரே காவல் அடுப்புதான். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளில் பறவைக் காய்ச்சல் பரவியபோது காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்துப்போயின. பாஸ்டரைஸ் செய்த பாலில் அந்த வைரஸ் பிழைக்கவில்லை.

சத்து போய்விடும் என்பது அடுத்த வாதம். கொஞ்சம் போகத்தான் செய்யும். பி1, பி12, ஃபோலேட் ஆகியவற்றில் ஒரு பங்கு குறையும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், புரதத்தின் சத்தும் குறைவதில்லை. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு பி12 பாலிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் இந்த இழப்பை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். அதற்குச் செய்ய வேண்டியது, காலையில் காய்ச்சிய பாலைக் காப்பிக்கு ஒருமுறை, பூஸ்டுக்கு ஒருமுறை, ராத்திரி ஒருமுறை என்று மொத்தமாகக் கொதிக்கவிடும் பழக்கத்தை விடுவது. வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்கினால் போதும். கண்ணாடி பாட்டிலை வாசலில் வெயில்பட விட்டாலும் பி2 வைட்டமின் கெடும், அதைப் பற்றி எந்தக் காணொளியும் பேசுவதில்லை.

பால் ஒத்துக்கொள்ளாதவருக்குக் காய்ச்சாத பால் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் லாக்டோஸ் என்ற சர்க்கரையால். காய்ச்சினாலும் காய்ச்சாவிட்டாலும் அதன் அளவு ஒன்றுதான். 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து கிராமங்களில் பண்ணைப் பால் குடித்து வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று 2011இல் வந்த பெரிய ஆய்வு உண்மையானது, சுவாரசியமானதும்கூட. ஆனால் அதைச் செய்தவர்களே கிருமி ஆபத்தைச் சொல்லி, காய்ச்சாத பாலைப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார்கள். அந்த வரியை யாரும் பகிர்வதில்லை.

‘நல்ல கிருமி’ வேண்டும் என்பவர்களுக்கு நம் சமையலறையிலேயே ஒரு வழி உண்டு. பச்சைப் பாலில் இருப்பவை காம்பிலிருந்தும் கையிலிருந்தும் சாணத்திலிருந்தும் வந்த கிருமிகள். எது நல்லது எது கெட்டது என்று தெரியாது. பாட்டிமார்கள் அவ்வளவையும் காய்ச்சித் தீர்த்துவிட்டு, ஆறியபின் தெரிந்த மோரில் ஒரு கரண்டி விட்டு உறைகுத்தினார்கள். லாக்டோஸும் தயிரில் கொஞ்சம் குறையும்.

தயிர் என்றதும் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. கறந்த பாலுக்கு மாறி ஐந்தாறு மாதம் இருக்கும். ஒருநாள் தயிர் உறையவில்லை. கோவையில் மார்கழிக் குளிர், அதனால்தான் என்று விட்டுவிட்டோம். மறுநாளும் பாத்திரத்தைச் சாய்த்தால் பாலாகவே ஓடியது. அதே மோரைப் பாக்கெட் பாலில் விட்டுப் பார்த்தோம், கல்லாட்டம் உறைந்தது. பால்காரரைக் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. “மடி வீங்கிப்போச்சுங்க, காம்புல மருந்து ஏத்தியிருக்கு. நல்லா காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் பண்ணாதுங்க.”

அவர் நம்பித்தான் சொன்னார். ஆனால் காய்ச்சுவதன் எல்லை அங்கேதான் இருக்கிறது. மடிநோய்க்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் பாலில் இறங்கும். அது உறைமோரின் கிருமியையும் அடக்கிவிடுவதால்தான் தயிர் உறையவில்லை. கொதிக்கவைத்தால் அது முழுதாகப் போய்விடாது. மருந்து முடிந்து இத்தனை நாள் பாலைக் கொட்டிவிட வேண்டும் என்று மருந்து அட்டையிலேயே போட்டிருக்கும். சொசைட்டித் தொட்டியில் ஆயிரக்கணக்கான லிட்டரில் ஒரு மாட்டின் பால் கரைந்துபோகும். நான்கு மாடு வைத்திருப்பவரிடம் வாங்கும்போது அது கால்வாசியாக நம் தம்ளருக்கு வருகிறது. தெரிந்த மாட்டின் பால் என்பதற்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு. தயிர் உறையாததற்குக் குளிர், பழைய மோர் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் இரண்டு நாள் தொடர்ந்தால் கேட்டுவிடுவது நல்லது.

காய்ச்சினாலும் போகாத இன்னொன்று அஃப்ளாடாக்சின். பூஞ்சை பிடித்த தீவனத்தை மாடு தின்றால் அந்த நஞ்சு ஈரலில் உருமாறிப் பாலில் வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. எல்லோரும் பயப்படும் கலப்படம் 12 மாதிரிகளில்தான் இருந்தது. அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியவை 5.7 சதவீதம், அதில் தமிழ்நாடுதான் முன்னணியில் நின்றது. பாக்கெட்டிலும் இருந்தது, பச்சைப் பாலிலும் இருந்தது. நம் மாடுகள் தின்னும் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரம்பட்டால் எளிதில் பூஞ்சை பிடிப்பவை.

ஆகவே பண்ணைக்குப் போனால் மாட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், தீவன அறையையும் எட்டிப் பாருங்கள். புண்ணாக்கு மூட்டை வெறுந்தரையில் சுவரோடு சாய்ந்திருக்கிறதா, பலகைமேல் சுவரை விட்டுத் தள்ளி இருக்கிறதா? கையில் எடுத்தால் எண்ணெய் வாசம் வருகிறதா, மக்கிய வாடையா? மழைக்காலத்தில் வைக்கோல்போர் எப்படி மூடியிருக்கிறது? ஊசி போட்ட மாட்டின் பாலை என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். லாக்டோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் கலந்தால் அது காட்டிக்கொடுக்கும், ஆனால் கொழுப்பை எடுத்தால் பால் கனக்கும். ஆடை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் கருவி சரியான அளவிலேயே மிதக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. கறந்த பாலை நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே விடக் கூடாது, வந்தவுடன் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். பாஸ்டரைஸ் செய்யப் பால் பண்ணைகள் 72 டிகிரியில் 15 வினாடிதான் வைக்கின்றன. நம் பாத்திரத்தில் பொங்கும்போது வெப்பம் அதைத் தாண்டியிருக்கும். நுரை பொங்கியதும் அணைத்துவிடாமல், தீயைக் குறைத்து, கரண்டியால் கிளறி ஓரிரு நிமிடம் விட்டால் பாத்திரம் முழுக்கச் சீராகச் சூடேறும். சில கிருமிகளின் வித்துகள் இதற்கும் தப்பிக்கும் என்பதால் ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு வாய்கூடப் பச்சைப் பால் வேண்டாம். லிஸ்டீரியா கருவைத் தாக்கும், ஈ.கோலையில் ஒரு வகை குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

எங்கள் பால்காரர் இப்போதெல்லாம் மாட்டுக்கு மருந்து ஏற்றினால் முதல்நாளே போன் செய்துவிடுகிறார். “இன்னும் நாலு நாளைக்கு நம்ம பால் வேண்டாங்க, பாக்கெட் வாங்கிக்கோங்க.” வாங்கிக்கொள்கிறோம்.