ஒரு சொல்லுக்குப் பல வீடுகள்

விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பவர்களைப் பார்த்து அடிக்கடி சொல்லப்படும் ஒரு குறை உண்டு. "தமிழ்க் கலைச்சொற்கள் குழப்பமானவை. ஒரே சொல் வீட்டில் ஒன்றைச் சொல்லும், புத்தகத்தில் வேறொன்றைச் சொல்லும். ஆங்கிலத்தில் படித்தால் இந்தத் தொல்லை இல்லை." பெற்றோரில் பலரும் இதை நம்புகிறார்கள். சாதாரண தரம் முடித்து எந்தப் பிரிவைத் தெரிவு செய்வது என்று யோசிக்கும் தங்கைமாரில் சிலர் இதைக் கேட்டே விஞ்ஞானப் பிரிவை விட்டு விலகுகிறார்கள். இக்கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு சொல் பல பொருள் தருவது மொழியின் இயல்பு. அந்தச் சொல் இப்போது எந்தப் பொருளில் நிற்கிறது என்று கேட்காமல் மனனம் செய்வதுதான் எமது குழப்பத்துக்குக் காரணம்.

'பரிவு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உம்மாவிடமோ உம்மும்மாவிடமோ கேட்டால் இரக்கம், அன்பு, பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்வது என்பார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவியிடம் கேட்டால் அவள் ஒரு கண்ணாடிக் குழாயையும் இசைக்கவையையும் பற்றிப் பேசத் தொடங்குவாள். 512 ஹேர்ட்ஸ் மீடிறன் கொண்ட இசைக்கவையை அதிரச் செய்து, நீரில் அமிழ்த்திய குழாயின் வாய்க்கு மேலே பிடிக்க வேண்டும். குழாயைச் சிறிது சிறிதாக உயர்த்தி உள்ளேயிருக்கும் வளி நிரலின் நீளத்தைக் கூட்டினால், ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் வந்ததும் அதுவரை மெலிதாகக் கேட்ட ஒலி திடீரென உரத்து எழும். கவையின் மீடிறனும் வளி நிரலின் இயல்பான மீடிறனும் ஒன்றாகிவிட்டன என்பதே அதன் பொருள். இதைத்தான் எமது பாடநூல் பரிவு என்கிறது.

இசையிலும் இதே நிகழ்வு உண்டு. சித்தார் வாத்தியத்தில் வாசிக்கும் தந்திகளுக்குக் கீழே இன்னொரு வரிசைத் தந்திகள் இருக்கின்றன. மேலேயுள்ள தந்தி ஒரு சுரத்தை எழுப்பும்போது, அதே சுரத்துக்குக் கூட்டப்பட்ட கீழ்த் தந்தி விரல் படாமலே அதிரும். ஆங்கிலத்திலும் அவற்றை அனுதாபம் என்று பொருள்படும் சொல்லாலேயே அழைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பரிவுக்கு 'ஒத்ததிர்வு' என்று பெயர். அதுவும் நல்ல சொல்லே. ஆனால் ஒருவரின் துன்பம் தொடாமலே மற்றவரின் உள்ளத்தை அசைப்பதையும், ஒரு கவையின் அதிர்வு தொடாமலே வளி நிரலை அசைப்பதையும் ஒரே சொல்லில் வைத்தவர் உண்மையிலேயே சிந்தித்திருக்கிறார். அந்தச் சொல்லை வெறும் வரைவிலக்கணமாக மனனம் செய்பவளுக்கு இந்த உதவி கிடைப்பதில்லை.

இதே 'பரிவு' இரசாயனவியலுக்குள் வரும்போது கவனம் தேவை. பென்சீனின் பரிவுக் கட்டமைப்புகளை வரையும் எம்மில் பலர், ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி ஆடிக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்கிறார்கள். பௌதிகவியலின் அதிர்வு மனதில் தங்கிவிடுவதால் வரும் தவறு இது. உண்மையில் பென்சீனின் ஆறு காபன் காபன் பிணைப்புகளும் ஒரே நீளமானவை. அந்த நீளம் ஏறத்தாழ 139 பிக்கோமீற்றர். அது சாதாரண ஒற்றைப் பிணைப்பின் 154க்கும் இரட்டைப் பிணைப்பின் 134க்கும் இடைப்பட்டது. மூலக்கூறு எப்போதும் ஒரே நிலையில்தான் இருக்கிறது. அதை ஒரே படத்தில் காட்ட முடியாததால் நாம் இரண்டு படங்கள் வரைகிறோம். சொல் ஒன்றாக இருந்தாலும் பாடம் மாறும்போது அதன் பொருளும் மாறுகிறது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்தால் இந்தத் தவறு நேராது.

'கதி' என்ற சொல்லும் இப்படித்தான். "அவனுடைய கதி என்னவாயிற்று?", "வேறு கதியில்லை" என்றெல்லாம் பேசுகிறோம். இங்கே ஒருவர் போய்ச் சேர்ந்த இடமும் நிலையும்தான் முக்கியம். பௌதிகவியலில் கதி என்பது ஓரலகு நேரத்தில் செல்லும் தூரம். அதற்குத் திசையே கிடையாது. திசையையும் சேர்த்துச் சொன்னால் அது 'வேகம்' ஆகிவிடும். கர்நாடக இசையில் கதி என்பது தாளத்தின் ஓர் அடிக்குள் எத்தனை சம பிரிவுகள் அமைகின்றன என்பதைக் குறிக்கும். திஸ்ரத்தில் மூன்று, சதுஸ்ரத்தில் நான்கு, கண்டத்தில் ஐந்து, மிஸ்ரத்தில் ஏழு, சங்கீர்ணத்தில் ஒன்பது. அடிகளுக்கு இடையிலான நேரம் மாறாமலே கதி மாறலாம். செல்லுதல் என்ற ஒரே வேரிலிருந்து பிறந்த சொல், மூன்று இடங்களில் மூன்று வேலைகளைச் செய்கிறது.

ஒரே பாடத்துக்குள் கூட, நாடு மாறினால் பொருள் மாறும் சொற்கள் உண்டு. இன்று எம்மில் பலர் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்த்தும் படிக்கிறோம். அங்கே 'நிறை' என்றால் எமது 'திணிவு'. எமது 'நிறை' அவர்களுக்கு 'எடை'. இலங்கைப் பாடநூலின்படி 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவரின் நிறை ஏறத்தாழ 600 நியூற்றன். அந்தக் காணொளியில் அதே நபரின் நிறை 60 கிலோகிராம். இரண்டும் சரி. இரண்டையும் கலந்து எழுதினால் விடை பிழை. சந்தையில் நிறுத்து வாங்கும்போது சொல்லும் நிறைக்கும், 'நிறைகுடம்' என்பதில் வரும் நிறைக்கும் தனித்தனிப் பொருள் இருப்பது எமக்குத் தெரியும். அங்கே குழம்பாத நாம் வினாத்தாளில் மட்டும் குழம்புவது ஏன்? சந்தையில் பொருளை அறிந்து பேசுகிறோம். வினாத்தாளில் சொல்லை மட்டும் நினைவில் வைத்து எழுதுகிறோம்.

ஒரு சொல்லைப் பல பொருளில் ஆள்வது முஸ்லிம்களாகிய எமக்குப் புதிதுமன்று. பைத்துல்லாஹ், பைத்துல் முகத்தஸ் ஆகிய பெயர்களில் வரும் 'பைத்' என்ற அரபுச் சொல்லுக்கு வீடு என்று பொருள். மௌலிது மஜ்லிஸ்களில் 'பைத்' படிப்பதாகச் சொல்லும்போது அதே சொல் கவிதையைக் குறிக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அறிஞர் கலீல் இப்னு அஹ்மத் அரபுக் கவிதையின் யாப்பிலக்கணத்தை வகுத்தார். அந்த இலக்கணத்தில் கவிதையின் உறுப்புகளுக்குக் கயிறு என்று பொருள்படும் 'ஸபப்', கூடார முளை என்று பொருள்படும் 'வதத்' ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. பாலைவனக் கூடாரத்தின் சொற்களே கவிதையின் சொற்களாயின.

'மகாம்' என்பதும் அத்தகையது. அதன் பொருள் நிற்கும் இடம். கஃபாவின் அருகிலுள்ள மகாமு இப்ராஹீமை அறியாதவர் எம்மில் எவருமில்லை. அரபு இசையில் மகாம் என்பது சுரங்கள் அமையும் ஓர் ஒழுங்கு. அவற்றுள் ஒன்றின் பெயர் ஹிஜாஸ். மக்காவும் மதீனாவும் அமைந்த பிரதேசத்தின் பெயரும் அதுவே. கிராஅத் போட்டியில் ஒரு காரியின் ஓதலைக் கேட்டு "எந்த மகாம்?" என்று ஒருவர் வினவினால், எவரும் ஊரின் பெயரைப் பதிலாகச் சொல்வதில்லை. பேச்சு நடக்கும் இடமே பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது.

அப்படியானால் ஆபத்து எங்கே? ஒரு சொல் தன் வீட்டை மறைத்துக்கொண்டு வரும்போதுதான். திரைப்பட நடிகரை நட்சத்திரம் என்று அழைப்பதால் எவருக்கும் நட்டமில்லை. அவருக்குள் ஐதரசன் அணுக்கரு இணைவு நடப்பதாக யாரும் நினைக்கப் போவதில்லை. ஆனால் இன்று பொழுதுபோக்குக் காணொளிகளில் விஞ்ஞானச் சொற்கள் வேறுவிதமாக வருகின்றன. "432 ஹேர்ட்ஸ் இசை இயற்கையின் அதிர்வு, நோயைத் தீர்க்கும்", "528 ஹேர்ட்ஸ் டீ.என்.ஏ.யைச் சீராக்கும்" என்ற தலைப்புகளில் மணிக்கணக்காக ஓடும் இசைப் பதிவுகள் எமது குடும்ப வட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்கின்றன.

ஹேர்ட்ஸ் என்பது பௌதிகவியலின் அலகு. செக்கனுக்கு ஓர் அதிர்வு என்பதே அதன் பொருள். செக்கன் எவ்வளவு நீளமானது என்று தீர்மானித்தவர்கள் மனிதர்கள். 1967 முதல் அது சீசியம் அணுவின் கதிர்வீசலில் 9,192,631,770 அலைவுகள் நிகழும் நேரமாக வரையறுக்கப்பட்டுள்ளது. செக்கனைச் சற்று நீளமாகவோ குறுகியதாகவோ வரையறுத்திருந்தால், அதே ஒலிக்கு 432க்குப் பதிலாக வேறோர் எண் கிடைத்திருக்கும். எமது அலகோடு மாறிவிடும் ஓர் எண்ணில் இயற்கையின் இரகசியம் எப்படி ஒளிந்திருக்க முடியும்? உலகில் பெரும்பாலான வாத்தியக் குழுக்கள் 440 ஹேர்ட்ஸை நியமமாகக் கொண்டு சுருதி கூட்டுவதும் வசதிக்காகச் செய்துகொண்ட ஓர் உடன்பாடே. மென்மையான இசை சிலருக்கு ஆறுதல் தரலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறுதல் என்பது ஒன்று, சிகிச்சை என்பது வேறொன்று. மருந்தின் இடத்தில் அந்தப் பதிவை வைத்தால் இழப்பு யாருக்கு? 'சக்தி', 'அதிர்வு' ஆகிய சொற்களும் இதே வழியில் விளம்பரங்களுக்குள் நுழைகின்றன. ஆய்வுகூடத்தில் அவற்றுக்கு இருக்கும் மதிப்பு அங்கே கடனாகப் பயன்படுகிறது. ஆனால் ஆய்வுகூடத்தில் அவற்றை அளந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வருவதில்லை.

ஆங்கிலத்தில் கற்றால் இவற்றிலிருந்து தப்பலாம் என்போருக்கு ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறேன். 1665இல் ரொபேர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அங்கே கண்ட சிறு சிறு அறைகளுக்கு 'செல்' என்று பெயரிட்டார். இன்று ஆங்கிலத்தில் அதே சொல் சிறைக்கூடத்தையும் மின்கலத்தையும் கைத்தொலைபேசியையும் குறிக்கிறது. ஆங்கில மாணவியும் எந்தப் பொருள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். எமது உயிரியல் நூல் அதனைக் 'கலம்' என்கிறது. தமிழில் கலம் என்றால் பாத்திரம், மரக்கலம் என்றெல்லாம் பொருள்படும். ஹூக் கண்டவை உயிரற்ற தக்கையின் வெறும் சுவர்கள். உயிருள்ள கலமோ திரவத்தாலும் புன்னங்கங்களாலும் நிறைந்தது. வெற்று அறையைவிட நிறைந்த பாத்திரமே அதற்குப் பொருத்தமான உவமை என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

துறைகளுக்கிடையே சென்று வருவதற்குச் சிறந்த முன்மாதிரி எமது நாட்டிலேயே இருந்திருக்கிறார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1947இல் வெளிவந்த தமது 'யாழ் நூல்' என்ற ஆராய்ச்சியில் பழந்தமிழரின் யாழையும் இசையையும் கணித முறையோடு ஆராய்ந்தார். விஞ்ஞானம், இசை, இலக்கியம் ஆகிய மூன்றையும் அறிந்திருந்ததால்தான் அவரால் அதனைச் செய்ய முடிந்தது.

எனவே மூன்று சாராரிடம் என் வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஆசிரியர்கள் ஒரு புதிய கலைச்சொல்லை அறிமுகப்படுத்தும்போது, வீட்டில் அதன் பொருள் என்ன, இப்பாடத்தில் அதன் எல்லை என்ன என்பதையும் இரண்டு நிமிடங்கள் சொல்லித் தாருங்கள். தோழியரே, பரீட்சையில் பாடத்தின் பொருளை மட்டும் இறுக்கமாக எழுதுங்கள். குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் அதே சொல்லின் ஏனைய பொருள்களையும் குறித்து வையுங்கள். பெற்றோரே, விஞ்ஞானச் சொல்லைச் சுமந்துகொண்டு ஒரு செய்தி கைத்தொலைபேசிக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் விஞ்ஞானம் கற்கும் உங்கள் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சொல் இங்கே என்ன பொருளில் வந்திருக்கிறது மகள்?" அவளுக்கு விடை தெரிந்தால் அவள் கற்ற கல்வி உங்கள் வீட்டுக்குப் பயன்பட்டுவிட்டது. தெரியாவிட்டால், அன்றிரவு அவள் தேடிப் படிப்பதற்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது.